எரிமலைக்குத் துறைமுகத்தைக் கொடுக்க மறுத்த தீவு

ஐஸ்லாந்தின் தென்கரைக்கு அப்பால், வட அத்திலாந்திக் சமுத்திரத்தில், வெஸ்ட்மான் தீவுகள் என அழைக்கப்படும் சிறியதொரு தீவுக்கூட்டம் இருக்கின்றது. அத்தீவுகளில் மக்கள் நிரந்தரமாக வாழ்வது ஒன்றே ஒன்றில்தான். அதன் பெயர் ஹெய்மாய். ஐஸ்லாந்து மொழியில் இதன் பொருள் 'வீட்டுத்தீவு' என்பதாகும். பரப்பளவு பதின்மூன்று சதுரக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பெருநிலத்தின் கரையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் இருந்தாலும், கடல் கொந்தளிக்கும் நாட்களில் அத்தூரம் கடக்க முடியாத தூரமாகிவிடும்.

ஜூலை மாதத்தில்கூட அங்கு சராசரி வெப்பநிலை பத்துப் பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். தீவின் தென்முனையிலுள்ள ஸ்டோர்ஹொவ்தி என்னும் குன்றின் வானிலை நிலையம் ஐரோப்பாவிலேயே மிகக் கடுமையான காற்று வீசும் இடங்களில் ஒன்றாகப் பதிவுபெற்றுள்ளது. 1991 பெப்ரவரி 3ஆந் திகதி அங்கு பதிவான காற்றின் வேகம் மணிக்கு 200 கிலோமீற்றரை எட்டியது. இவை போதாதென்று, தீவே எரிமலைகளால் ஆனது.

இப்படியான ஓரிடத்தில் மனிதர் ஏன் வாழவேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பே. அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியும் உண்டு. 1973ஆம் ஆண்டு இயற்கையே இத்தீவு மக்களை ஒரே இரவில் வெளியேற்றியது. திரும்பி வராமல் இருப்பதற்கு அவர்களுக்கு எல்லா நியாயங்களும் இருந்தன. ஆயினும் பெரும்பாலானோர் திரும்பி வந்தனர். ஏன்? இக்கேள்விக்கு விடைதேட, அத்தீவின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது அவசியமாகின்றது.

துயரத்தில் தொடங்கிய வரலாறு

ஐஸ்லாந்தின் பழைய குடியேற்ற நூலான 'லான்ட்நாமபோக்' தரும் செய்தியின்படி, இத்தீவுகளுக்குப் பெயர் கிடைத்ததே ஒரு கொலையின் விளைவாகத்தான். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்வேயிலிருந்து வந்து குடியேறிய ஹியோர்லெய்வுர் என்பவரை, அவர் கொண்டுவந்த அயர்லாந்து அடிமைகள் கொன்றுவிட்டு இத்தீவுகளுக்குத் தப்பிச் சென்றனர். அவரது உறவினரான இங்கோல்வுர், அவர்களைத் தேடிவந்து பழிதீர்த்தார். அயர்லாந்து மக்களை நோர்வே நாட்டவர் 'மேற்கத்தையர்' என்று அழைத்து வந்தமையால், அந்த அடிமைகள் மாண்ட தீவுகள் மேற்கத்தையர் தீவுகள், அதாவது வெஸ்ட்மான் தீவுகள் ஆயின.

1627 ஜூலையில் வட ஆபிரிக்காவின் அல்ஜியேர்ஸ் நகரிலிருந்து வந்த கடற்கொள்ளையர் ஹெய்மாயில் இறங்கினர். முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட, 242 பேர் அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டனர். அது அன்றைய மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதி எனலாம். பிடிபட்டவர்களில் ஒருவரான ஓலாவுர் எகில்சன் என்னும் மதகுரு, மீட்புப் பணம் கேட்டு டென்மார்க் மன்னரிடம் தூதாக விடுவிக்கப்பட்டார். மறு ஆண்டு தனியராக ஊர் திரும்பிய அவர், தம் அனுபவத்தை நூலாக எழுதிவைத்தார். அவரது மனைவி திரும்பிவர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின. குட்ரீதுர் சீமோனர்தோத்திர் என்ற மீனவப் பெண்ணும் அவ்வாறு மீட்கப்பட்டவர்களில் ஒருவர். அவர் தம் மகனை அல்ஜியேர்சிலேயே விட்டுவர நேர்ந்தது. மீட்கப்பட்டோருக்குக் கொப்பன்ஹேகனில் மறுபடியும் சமயபோதனை செய்ய நியமிக்கப்பட்ட மாணவர் ஹால்கிரிமுர் பியெத்துர்சனை அவர் பின்னர் மணந்தார். அந்த மாணவரே ஐஸ்லாந்தின் தலைசிறந்த பக்திக் கவிஞராகப் புகழ்பெற்றார். தலைநகர் ரெய்க்யாவிக்கில் உயர்ந்து நிற்கும் பெரிய தேவாலயம் அவரது பெயரையே தாங்கியுள்ளது.

கொள்ளையரைவிடக் கொடிய இன்னொரு பகைவனும் தீவில் இருந்தான். பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் ஏற்புவலி நோயே அது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஹெய்மாயில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவை பிறந்து இரண்டு வாரங்களுக்குள் இறந்து வந்தன. 1847இல் அங்கு அனுப்பப்பட்ட ஷ்லைஸ்னர் என்னும் டென்மார்க் மருத்துவர், ஒரு பிரசவ மனையை அமைத்துத் தொப்புள்கொடிப் பராமரிப்பைச் சீர்செய்ததன் பின்னரே அந்தக் கொடுமை அடங்கியது. தலைமுறை தலைமுறையாகத் தம் பிள்ளைகளில் பாதிப்பேரைப் புதைத்துவந்த தாய்மார், அந்தத் தீவைக் கைவிட்டுச் செல்லவில்லை என்பது எண்ணிப்பார்க்க வேண்டிய விடயமாகும்.

குடிநீரும் அங்கு எளிதில் கிடைத்ததில்லை. ஆறோ, போதிய ஊற்றோ இல்லாத அத்தீவில் கூரைகளில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் சேமித்தே மக்கள் வாழ்ந்தனர். பெருநிலத்திலிருந்து கடலுக்கடியில் குழாய் அமைத்து நீர் கொண்டுவரப்பட்டது 1968ஆம் ஆண்டில்தான்.

பிழைப்பும் பெருமிதமும்

இத்தனை இன்னல்களுக்கும் ஈடாகத் தீவு அவர்களுக்குக் கொடுத்தவை இரண்டு. ஒன்று, ஐஸ்லாந்தின் மிகச் செழிப்பான மீன்வளம். மற்றது, ஐஸ்லாந்தின் தென்கரையில் வேறெங்கும் இல்லாத இயற்கைத் துறைமுகம். ஐஸ்லாந்தின் தென்கரை பெரும்பாலும் கருமணல் விரிந்த, கப்பல் ஒதுங்க இடமற்ற கரையாகும். ஆகவே அக்கடலில் மீன்பிடித்தவர்களுக்கு ஹெய்மாயின் துறைமுகமே புகலிடமாக அமைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திரப் படகுகள் வந்ததும் தீவு துரிதமாக வளர்ந்து, நாட்டின் மிக முக்கியமான மீன்பிடித் துறைமுகமாயிற்று.

கடற்பறவைகளும் அவர்களின் வாழ்வோடு கலந்தவை. செங்குத்தான பாறைகளில் கயிற்றில் தொங்கிப் பறவை முட்டை சேகரிப்பது முன்னோரின் தொழில். அந்தக் கயிற்றாட்டத்தைப் பிள்ளைகள் இன்றும் விளையாட்டாகப் பழகுகின்றனர். கோடையின் முடிவில், கூட்டைவிட்டு முதன்முறையாகப் பறக்கும் பஃபின் குஞ்சுகள் நகரின் விளக்கொளியில் மயங்கித் தெருக்களில் வந்து விழுவதுண்டு. இரவிரவாக அவற்றைத் தேடிப் பெட்டிகளில் எடுத்துவைத்து, மறுநாள் கடலை நோக்கிப் பறக்கவிடுவது அத்தீவுச் சிறுவர்களின் வழக்கமாகும்.

அவர்களின் குணத்தை விளக்க ஒரு விழா போதுமானது. 1874இல் ஐஸ்லாந்துக் குடியேற்றத்தின் ஆயிரமாவது ஆண்டு நிறைவு பெருநிலத்தில் விமரிசையாகக் கொண்டாடப்பட்டது. மோசமான வானிலை காரணமாகத் தீவினரால் அங்கு செல்ல முடியவில்லை. அதனால் என்ன என்று தம் தீவின் பள்ளத்தாக்கிலேயே ஒரு விழா எடுத்தனர். அன்று வேறு வழியின்றித் தொடங்கிய அவ்விழாவே இன்று, ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், பெருநிலத்து மக்கள் ஆயிரக்கணக்கில் கடல்கடந்து வந்து கலந்துகொள்ளும் விழாவாக விளங்குகின்றது.

1973 ஜனவரி 23

தீவின் நடுவேயுள்ள ஹெல்காஃபெல் என்னும் எரிமலை ஏறக்குறைய ஐயாயிரம் ஆண்டுகளாக உறங்கிக் கிடந்தது. அது இறந்துவிட்டதென்றே மக்கள் நம்பியிருந்தனர். 1963 நவம்பரில் அருகேயுள்ள கடலுக்குள்ளிருந்து எரிமலை வெடித்து சுர்ட்சே என்ற புதிய தீவு பிறந்தபோதும், அதை ஹெய்மாய் மக்கள் தம் வீட்டு யன்னல்களிலிருந்து ஒரு வேடிக்கையாகவே பார்த்திருந்தனர்.

1973 ஜனவரி 23ஆந் திகதி அதிகாலை இரண்டு மணியளவில், நகரின் கிழக்கு எல்லையில் நிலம் பிளந்தது. ஏறத்தாழ 1,600 மீற்றர் நீளத்துக்கு அப்பிளவிலிருந்து தீப்பிழம்பு மேலெழுந்தது. நகரில் அப்போது வாழ்ந்தவர்கள் சுமார் 5,300 பேர். தீயணைப்பு வண்டிகளின் சங்கொலி கேட்டு எழுந்தவர்கள், குழந்தைகளைப் போர்வையில் சுற்றிக்கொண்டு துறைமுகத்தை நோக்கி நடந்தனர்.

அவர்களின் நல்லகாலம், முதல்நாள் வீசிய புயலினால் மீன்பிடிக் கப்பல்கள் எவையும் கடலுக்குச் செல்லாமல் துறைமுகத்திலேயே நின்றன. புயலும் அந்த இரவில் தணிந்திருந்தது. நோயாளரும் முதியோரும் வானூர்திகளில் கொண்டுசெல்லப்பட, ஏனையோர் படகுகளில் ஏறிப் பெருநிலத்திலுள்ள தோர்லாக்ஸ்ஹொப்ன் துறைமுகத்தை அடைந்தனர். சில மணித்தியாலங்களில் கிட்டத்தட்ட முழு ஊரும் காலியாயிற்று. தங்கியவர்கள் பணிக்கென நின்ற சில நூறு பேர் மாத்திரமே. அந்த எரிமலைச் சீற்றம் முழுவதிலும் இறந்தவர் ஒருவர்தான். நிலவறையொன்றில் தேங்கிய நச்சு வாயு அவரைக் கொன்றது.

அடுத்த வாரங்களில் கருஞ்சாம்பல் மழையாகப் பொழிந்தது. வீடுகள் கூரைவரை புதைந்தன. தொண்டர்கள் கூரைகளில் ஏறிச் சாம்பலை வாரித் தள்ளினர். பறந்துவரும் தீக்கற்கள் உள்ளே விழாதிருக்க யன்னல்களுக்குத் தகரம் அடித்தனர். பூமிக்குள்ளிருந்து 200 மீற்றர் உயரத்துக்கு ஒரு புதிய மலை எழுந்தது. அதற்கு எல்ட்ஃபெல், அதாவது தீமலை என்று பெயரிட்டனர்.

கடல்நீரால் நடந்த போர்

பெப்ரவரி மாத ஆரம்பத்தில் ஆபத்து வேறொரு வடிவம் எடுத்தது. எரிமலைக் குழம்பு துறைமுகத்தின் வாயிலை நோக்கி நகரத் தொடங்கியது. புதைந்த வீட்டைத் தோண்டி எடுக்கலாம். எரிந்த வீட்டை மறுபடியும் கட்டலாம். ஆனால் துறைமுகத்தின் வாய் அடைபட்டால், அத்தீவில் வாழ்வதற்கான காரணமே இல்லாது போய்விடும். தீவினருக்கு இது யாரும் சொல்லித் தெரியவேண்டிய ஒன்றாக இருக்கவில்லை.

ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன், குழம்பின் முகப்பில் கடல்நீரைப் பாய்ச்சிக் குளிரவைத்தால் அது இறுகி, பின்னால் வருவதற்குத் தானே அணையாகிவிடும் என்ற யோசனையை முன்வைத்தார். நகர்ந்துவரும் தீக்குழம்பைத் தண்ணீர் ஊற்றி நிறுத்துவதா என நகைத்தவர்கள் பலர். எரிமலைமீது சிறுநீர் கழிப்பதற்குச் சமம் என்றும் நையாண்டி செய்தனர். ஆனால் தீயணைப்பு வண்டிகளின் குழாய்களைக் கொண்டு செய்த முதல் முயற்சிகளிலேயே குழம்பின் ஓரம் மந்தமடைந்தது.

மார்ச் மாதத்தில் சான்டே என்னும் மணல் அகழும் கப்பல் வந்து சேர்ந்தது. மாத இறுதியில் பெருங் குழம்பொன்று நகருக்குள் புகுந்து, ஒரு சில நாட்களில் சுமார் 200 வீடுகளை விழுங்கியது. அதன்பின் அமெரிக்காவிலிருந்து சக்திவாய்ந்த நீரிறைக்கும் இயந்திரங்கள் தருவிக்கப்பட்டன. ஆறிய மேற்பரப்பின் மீது புல்டோசர்களால் பாதை வெட்டி, கொதிக்கும் குழம்பின் நடுவரை குழாய்கள் கொண்டுசெல்லப்பட்டன. நீராவியால் முன்னே நிற்பவர் முகமே தெரியாத நிலையில், காலணிகளின் அடி கருக அந்தத் தொழிலாளர்கள் வேலை செய்தனர். மொத்தத்தில் அறுபது இலட்சம் கனமீற்றருக்கு மேற்பட்ட கடல்நீர் அக்குழம்பின் மீது பாய்ச்சப்பட்டது. அதற்குமுன் உலகில் எங்கும் இத்தகைய முயற்சி இவ்வளவு பெரிய அளவில் நடந்ததில்லை.

1973 ஜூலைத் தொடக்கத்தில் எரிமலை ஓய்ந்தபோது கணக்குப் பார்த்தனர். ஏறத்தாழ 400 வீடுகள் அழிந்திருந்தன. தீவு இரண்டு சதுரக் கிலோமீற்றருக்கும் அதிகமாக விரிந்திருந்தது. துறைமுகம் தப்பியிருந்தது. அது மட்டுமன்று, வாயிலின் அருகே உறைந்து நின்ற குழம்பு, கிழக்குக் காற்றையும் அலையையும் தடுக்கும் அரணாகி, முன்னரிலும் பாதுகாப்பான துறைமுகத்தை அவர்களுக்கு அளித்தது. துறைமுகத்தைக் காத்தது கடல்நீரா, அல்லது எரிமலை தானாகத் தணிந்தமையா என்பதில் நிபுணரிடையே வேறுபட்ட கருத்துகள் இருந்தன. நீரைப் பாய்ச்சியவர்களுக்கு அத்தகைய ஐயம் இருக்கவில்லை.

திரும்பி வந்தோரும் வராதோரும்

ஊரை மீட்பதா, கைவிடுவதா என்ற கேள்வி இந்த மாதங்கள் முழுவதும் நாட்டின் முன் நின்றது. அன்று ஐஸ்லாந்தின் மக்கள்தொகை சுமார் இரண்டு இலட்சம். குடியரசாகி முப்பது ஆண்டுகள்கூட நிறைவடையாத நாடு அது. அதே காலத்தில், மீன்பிடி எல்லையை 50 கடல்மைல்களாக விரிவுபடுத்தியமைக்காக, பிரித்தானியாவுடன் 'கொட் மீன் யுத்தம்' எனப்படும் தகராறிலும் அது ஈடுபட்டிருந்தது. அப்படியிருந்தும் பெப்ரவரி மாதத்திலேயே நாடாளுமன்றம் நிவாரண நிதியமொன்றைச் சட்டமாக்கி, முழு நாட்டின் மீதும் வரிச்சுமையை ஏற்றியது. நோர்டிக் நாடுகளும் தாராளமாக உதவின. வீடிழந்தோருக்கென மரவீடுகள் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கப்பட்டுப் பெருநிலத்தில் அமைக்கப்பட்டன. நாட்டுப்பற்று என்பது மேடையில் பேசுவதோடு முடிந்துவிடுவதன்று. ஐயாயிரம் பேரின் ஊருக்காக இரண்டு இலட்சம் பேர் வரி செலுத்தச் சம்மதிப்பதும் அதுவே என்பதற்கு இது தக்க சான்றாகும்.

1974இல் தீவினரில் ஏறக்குறைய பாதிப்பேர் திரும்பியிருந்தனர். அதற்கடுத்த ஆண்டளவில் பெரும்பான்மையோர் வந்து சேர்ந்தனர். வந்தவர்கள் முதலில் கையிலெடுத்தது மண்வெட்டியைத்தான். தெருத்தெருவாகச் சாம்பலை அகற்றினர். அகற்றிய சாம்பலைக் கொண்டு வானூர்தி ஓடுபாதையை நீட்டினர். புதிய வீடுகளுக்கு அடித்தளம் இட்டனர். சாம்பல் மூடிய சரிவுகளில் புல் விதைத்தனர். பள்ளத்தாக்கு சாம்பலால் மூடியிருந்தமையால், ஆகஸ்ட் விழாவைச் சில ஆண்டுகள் வேறிடத்தில் நடத்தினர். உள்ளே இன்னும் கனன்றுகொண்டிருந்த குழம்பின் மீது நீரைச் செலுத்தி, அந்த வெப்பத்தினாலேயே தம் வீடுகளைச் சூடாக்கிக் கொண்டனர். ஊரை எரித்த நெருப்பு, ஒன்றரைத் தசாப்தம் வரையில் ஊருக்குக் குளிர்காய உதவியது.

திரும்பி வராதோரும் இருந்தனர். அவர்களை எவரும் குறைகூற முடியாது. 1783இல் லாக்கி எரிமலை வெடித்ததைத் தொடர்ந்த பஞ்சத்தில் ஐஸ்லாந்து மக்களில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மேல் மாண்டனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குளிரும் வறுமையும் அஸ்க்யா எரிமலையின் சாம்பலும் விரட்ட, பதினையாயிரம் பேர் வரையில் வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் 1875இல் அவர்கள் நிறுவிய கிம்லி என்ற ஊர் இன்றும் தன் ஐஸ்லாந்து வேரைக் கொண்டாடி வருகின்றது. பிரிந்து சென்றவர்களுக்கும் பிறந்த மண்மீது பற்று இல்லாது போவதில்லை. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை.

பற்று மட்டும் போதுமா?

பிறந்த மண்ணின் மீதுள்ள பற்று மட்டுமே ஓர் ஊரைக் காப்பாற்றிவிடும் என்று கொள்வது தவறாகும். ஸ்கொட்லாந்துக்கு மேற்கே செயின்ட் கில்டா என்றொரு தீவுக்கூட்டம் உண்டு. ஹெய்மாய் மக்களைப் போலவே அங்குள்ளவர்களும் பாறைகளில் கயிற்றில் தொங்கிக் கடற்பறவை பிடித்து நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள். எஞ்சியிருந்த 36 பேர், தம்மை வெளியேற்றுமாறு தாமே அரசிடம் மனுச்செய்து, 1930 ஆகஸ்ட் 29ஆந் திகதி தீவை விட்டு நீங்கினர். அவர்களிடம் பற்றுக் குறைவாக இருக்கவில்லை, துறைமுகம்தான் இருக்கவில்லை. அதனாலேயே மருத்துவமும் வணிகமும் இளைஞரின் எதிர்காலமும் அவர்களை அணுகவில்லை.

ஐஸ்லாந்திலேயே அண்மைய எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. கிரின்டாவிக் என்ற மீன்பிடி நகரின் சுமார் 3,800 மக்களும் 2023 நவம்பர் 10ஆந் திகதி இரவு வெளியேற்றப்பட்டனர். டிசம்பரில் அருகே எரிமலை வெடித்தது. 2024 ஜனவரி 14இல் குழம்பு நகருக்குள் வந்து வீடுகளை எரித்தது. ஹெய்மாயின் எரிமலை ஐந்து மாதங்களில் ஓய்ந்தது. கிரின்டாவிக்கின் நிலமோ மீண்டும் மீண்டும் பிளந்தது. 2024இல் அரசு அங்குள்ள வீடுகளை விலைகொடுத்து வாங்க முன்வர, பெரும்பாலான குடும்பங்கள் அதை ஏற்றன. ஒரே நாடு, ஒரே வகை மக்கள், அதே மன உறுதி. ஆயினும் நிலம் இடங்கொடுக்காதபோது மனிதரால் செய்யக்கூடியது சிறிதே.

ஹெய்மாய் மக்களும் தம் தீவைப் பற்றி மாயைகள் எதுவும் கொண்டவர்களல்லர். 1984 மார்ச்சில் அவர்களின் மீன்பிடிப் படகொன்று குளிர்காலக் கடலில் கவிழ்ந்தது. ஐவரில் நால்வர் மாண்டனர். குட்லாகுர் ஃப்ரித்தோர்சன் என்ற 22 வயது இளைஞர் மட்டும், ஐந்தாறு பாகை வெப்பநிலையுள்ள கடலில் ஐந்து கிலோமீற்றருக்கு மேல் நீந்திக் கரையேறி, எரிமலைப் பாறைகளின் மீது வெறுங்காலோடு நடந்து ஊரை அடைந்தார். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் அந்த நிகழ்வை நினைவுகூர்ந்து தீவினர் நீச்சற் குளத்தில் அத்தூரத்தை நீந்துகின்றனர். தம்மை வாழவைக்கும் கடல் தம்மைக் கொல்லவும் கூடும் என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்காத சமூகம் அது.

2014இல் தீவில் திறக்கப்பட்ட எல்ட்ஹெய்மார் அருங்காட்சியகம், சாம்பலுக்குள்ளிருந்து தோண்டியெடுக்கப்பட்ட ஒரு வீட்டைச் சுற்றியே கட்டப்பட்டுள்ளது. வளைந்த கூரையும் உடைந்த யன்னலுமாக அவ்வீடு 1973இல் இருந்தபடியே காட்சி தருகின்றது. அதே நகரில் இன்று ஏறத்தாழ 4,500 பேர் வாழ்கின்றனர். எரிமலைக்கு முன்பிருந்ததைவிட அது குறைவுதான். துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் வழமைபோல் வந்துபோகின்றன.

வீட்டுத்தீவு என்ற பெயரைத் தாங்கிய ஊரில், நெருக்கடி வந்தபோது மக்கள் வீடுகளைக் காப்பதை முதன்மையாகக் கொள்ளவில்லை என்பதே இந்த வரலாற்றில் நான் கண்ட முக்கியமான உண்மை. அவர்கள் காத்தது துறைமுகத்தை. தாம் தொடர்ந்து அங்கு உழைத்து வாழ்வதற்கான வழி எதுவோ அதைக் காத்தால், வீடுகள் பின்னர் தாமாக எழும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அழிந்த ஓர் ஊரை மீளக் கட்டியெழுப்ப விரும்பும் எவரும், கூரைகளை எண்ணத் தொடங்குமுன் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்: நமது துறைமுகம் எது?